யாருடைய சட்டை, யாருடைய வீடு

என் கணவரின் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நான் முன்வந்ததற்கு முதற்காரணம் அன்பு இல்லை. அவளுக்கு வேலை கிடைத்து அவள் என் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதுதான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான், பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது?

அவள் எனக்கு மச்சாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவள் என்னை "மச்சி" என்பாள், நானும் அவளை "மச்சி" என்பேன். சிலாவத்துறைக்காரி. எங்கள் ஆட்களிடையே வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். மன்னார்த் தாராபுரத்தில் இருக்கும் இந்த வீடு உம்மா எனக்குத் தந்தது. என் கணவரும் அப்படித்தான் இங்கே வந்தார், வந்து இரண்டு வருடத்தில் கத்தாருக்குப் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மச்சாளுக்கும் சிலாவத்துறையில் ஒரு வீடு கட்டத் தொடங்கினார்கள். சுவர் எழும்பியது, கூரை போடவில்லை. அதற்குள் அவளுடைய வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். வியாபாரம் என்று புத்தளத்துக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டார். கூரையில்லாத வீட்டில் எப்படி இருப்பது? நாலு வருடத்துக்கு முன்பு ஒரு பையோடும் ஒரு குடையோடும் என் வாசலுக்கு வந்தாள். "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்று கணவர் போனில் சொன்னார். அவர் சொன்ன கொஞ்ச நாள் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

ஒரு குசினியில் இரண்டு பெண்கள் நின்றால் என்ன நடக்கும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். நான் புளி கரைத்து வைத்தால் அவள் மாங்காய் வெட்டிப் போடுவாள். நான் துவாயை வெயிலில் காயப்போட்டால், நிறம் போய்விடும் என்று அவள் நிழலுக்கு மாற்றுவாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவளுக்குக் கோபமே வராது, அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். வாய்த்தர்க்கம் முற்றினால் நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுவேன்.

"இது என்ட வீடு, ஞாபகம் இருக்கட்டும்."

"ஓம், அதை ஆர் இல்லையெண்டது?" என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயம் உரிக்கத் தொடங்குவாள்.

அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர். "புருஷன்ட தங்கச்சியையும் வச்சுப் பாக்கிறா, அல்லாஹ் அதுக்குரிய கூலியைத் தருவான்" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் புகழை ஏற்றுக்கொள்வேன். மனதுக்குள் குளிர்ந்துபோய்த்தான் வீட்டுக்கு வருவேன்.

மன்னார் நகரத்தில், பாலத்தடிக்குக் கிட்ட, ஒரு சின்ன விடுதி இருக்கிறது. லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு வேதக்கார அம்மா, கிறிஸ்தவர், அதை நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் அன்ரி. மாரி தொடங்கினால் நாரைகள் வரும், நாரைகளைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள், அன்ரியின் அறைகள் நிரம்பும். வேலைக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு மச்சாளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்ரி எங்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சமைக்கத் தெரியும், கூட்டத் தெரியும் எண்டு எல்லாரும்தான் வருகினம். எனக்குப் பிரச்சினை உடுப்பு. குருவி பாக்க வாற ஆக்கள் எல்லாரும் ஒரே மண்நிற உடுப்புத்தான் போடுவினம். எல்லாத்தையும் ஒண்டாத் தோய்ச்சுக் காயப்போட்டால் எது ஆற்றை உடுப்பு எண்டு தெரியாது. போன முறை ஒருத்தற்ற காற்சட்டை இன்னொருத்தற்ற பெட்டியோட ஜேர்மனிக்குப் போயிட்டுது."

மச்சாள் சிரித்தாள். அன்ரி சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு உடுப்புக் கட்டிலயும் இங்கிலிஷில துண்டு எழுதிக் குத்தவேணும். ஆற்றை, எத்தினை. அது பிழைக்கக்கூடாது. மூண்டு கிழமை தாறன், பழகிக்கொண்டு வாங்கோ. மூண்டு நாள் வேலை செய்து காட்டுங்கோ. சரியெண்டால் அறை, சாப்பாடு, சம்பளம். குருவி பாக்க வாறவை விடியமுதலே வெளிக்கிடுறவை, அதால நீங்களும் இஞ்சதான் தங்கவேணும். என்ர குசினியில பன்றி சமைக்கிறதில்லை, அதுக்கு யோசிக்க வேண்டாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சாள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எப்படியோ ஒரு சித்தி, அதாவது பாஸ், எடுத்தவள். அந்தச் சித்தியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"நீ எனக்குப் படிப்பிச்சுத் தருவியா மச்சி?" என்றாள். "எனக்கு அந்த வீட்டுக்குக் கூரை போடவேணும். வேற ஒண்டும் வேணாம். ஒரு கூரை."

அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பஸ் நிலையக் கடையில் ஒரு பயிற்சிப் புத்தகமும் இரண்டு கொப்பியும் வாங்கினோம். பகல் சமையல் முடிந்து, லுஹர் தொழுதுவிட்டு, முன் விறாந்தையில் பாய் விரித்துப் படிக்க உட்காருவோம். முதலில் பன்மை. பெயருக்குப் பின்னால் ஒரு எஸ் போட்டால் முடிந்தது என்று நான் பெரிய வாத்தியார் மாதிரிச் சொன்னேன். மச்சாள் கேற்றடிக்குப் போய், வழக்கம்போலத் தெருவில் நின்ற கழுதைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். "வன் டொங்கி, டூ டொங்கீஸ், ஃபைவ் டொங்கீஸ்." எழுதியும் காட்டினாள், சரியாகவே இருந்தது. மறுநாள் குழந்தை என்ற சொல்லுக்குக் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு மூன்று எழுத்துப் போடவேண்டும் என்றேன். அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"பேபிக்கும் கடைசியில அதே எழுத்து, டொங்கிக்கும் அதே எழுத்து. கழுதைக்கு மட்டும் என்ன சலுகை?"

எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "இங்கிலிஷ்காரனுக்குக் கழுதை எண்டா விருப்பம்" என்று சொல்லி வைத்தேன். அவள் அதை நம்பினாளோ இல்லையோ, பிறகு அந்தச் சொல்லில் ஒரு நாளும் பிழை விடவில்லை.

மீனில்தான் பெரிய சண்டை வந்தது. ஒன்றும் பிஷ், நூறும் பிஷ் என்று நான் சொன்னதும் அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய வாப்பா கடல் தொழில் செய்தவர்.

"சூடை, கீளி, பாரை, விளை, ஓரா, திருக்கை... ஒரு கூடைக்குள்ள இவ்வளவும் கிடக்கு. ஒண்டுக்கும் அதே சொல்லு, நூறுக்கும் அதே சொல்லா? கடலில்லாத ஊரிலயா மச்சி இந்தப் பாஷையை உண்டாக்கினவங்க?"

"கடல் நடுவிலதான் அவங்கட நாடே இருக்கு."

"அப்ப சோம்பேறிங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி பேனையை எடுத்தாள்.

அப்படிச் சிரித்துக்கொண்டே போகும்போதுதான் கத்தி என்ற சொல் வந்தது. நைஃப், நைவ்ஸ். அதற்குக் கீழே, அதே விதியில், மனைவி. நான் கவனிக்காமல் உரத்து வாசித்துவிட்டேன். "வைஃப், வைவ்ஸ்." வாசித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குத் தலாக் கூட இன்னும் ஆகவில்லை. கணக்கில் அவள் இன்னும் புத்தளத்து மனிதருடைய இரண்டு மனைவிகளில் ஒருத்திதான்.

மச்சாள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். "இது எனக்குப் பாடமாக்கத் தேவையில்ல" என்றாள். குரலில் சிரிப்பும் இருந்தது. நான் எழுந்து போய்ப் பழப்பாணி கரைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்த நாலு வருடத்தில் அவள் கேட்காமல் நான் அவளுக்குக் கொடுத்த முதல் பானம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் வாரம் உடைமைக்கு வந்தோம். ஒரு பொருள் யாருடையது என்று காட்ட, சொல்லுக்கு மேலே ஒரு கொமாவைத் தொங்கவிட்டு எஸ் போடவேண்டும். ஆட்கள் பலர் என்றால் எஸ்ஸைப் போட்டுவிட்டுக் கொமாவைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். இதை மச்சாள் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மச்சாள் என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று துண்டாக ஒரு சொல் என்று கேட்டதும் அவளுக்குக் கொண்டாட்டம். பலர் என்றால் எஸ் முதல் துண்டில் போய் ஒட்டும். உடைமை என்றால் கடைசித் துண்டில். "சிஸ்டர்ஸ்-இன்-லோ எண்டா நீயும் நானும். சிஸ்டர்-இன்-லோஸ் எண்டா உன்ட சாமான்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். நான் அந்தப் பாடத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

புத்தகத்தில் ஒரு பயிற்சி இருந்தது. உன் வீட்டைச் சுற்றிப் பார், இருபது பொருட்களைப் பற்றி, அவை யாருடையவை என்று இருபது வசனம் எழுது. நான் கடைக்குப் போய்வருவதற்குள் அவள் எழுதி முடித்திருந்தாள். சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன்.

இது என் மச்சாளின் வீடு. சரி போட்டேன். இவை என் மச்சாளின் கதிரைகள். சரி. இது என் மச்சாளின் அலுமாரி. இவை என் மச்சாளின் கோழிகள். இது என் மச்சாளின் கட்டில், அதில் நான் படுக்கிறேன். சரி, சரி, சரி. கொமா எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பதினைந்தாவது வசனம்வரை பெருமையோடு சரி போட்டுக்கொண்டே வந்தவளுக்குப் பதினாறாவதில் கை நின்றுவிட்டது. இருபதில் பத்தொன்பது என்னுடையவை. கடைசி வசனம் மட்டும்: இது என் குடை.

"ஏன், இந்த வீட்டில உன்ட சாமான் வேற ஒண்டும் இல்லையா?" என்று கேட்டேன். வெட்கப்படவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். "இருக்கிறதத்தானே எழுதச் சொல்லிக் கிடக்கு" என்றாள்.

இருபதுக்கு இருபது போட்டுக் கொப்பியை மூடினேன். அன்றைக்கு முழுவதும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மேல் வந்த கோபத்தை அவள்மேல் காட்டினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு "இது என்ட வீடு" என்ற சொல் என் வாயில் வரவில்லை. அவள் போகவேண்டும் என்று தொடங்கிய நான், அந்தக் கூரைக்காகவே அவள் போகவேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன். வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்று கிழமை முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் விடுதிக்குப் போனாள். அந்த மூன்று நாளும் உம்மாவை வரச்சொல்லி வைத்துக்கொண்டேன். உம்மா கொண்டச்சியில் என் தங்கையோடு இருக்கிறார். பார்த்துக் கனநாள் என்று காரணம் சொன்னேன்.

சனிக்கிழமை அவளுடைய போன் மூன்று தடவை வந்தது. விருந்தாளிகளின் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் துண்டில் ஆளைப் பார்த்து எழுதினாளாம்: வெள்ளைத் தாடிக்காரரின் மூன்று சட்டைகள். நெட்டை மனிதரின் இரண்டு காற்சட்டைகள். கிழவனாரும் கிழவியாரும், அவர்களின் துவாய்கள். எல்லாம் ஆங்கிலத்தில், எழுத்துக் கூட்டி எனக்குச் சொன்னாள். ஒன்றும் பிழையில்லை. நான் உம்மாவுக்கு முன்னால் பெரிதாகப் பெருமை அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது அழைப்பு வேறு விஷயம்.

"மச்சி, நாளைக்கு மத்தியானம் நம்மட ஊர்ச் சாப்பாடு வேணுமாம். ஆறு பேர். அன்ரி பூசைக்குப் போய் அங்கால ஒரு ஞானஸ்நான வீட்டுக்கும் போறா, என்னைத்தான் பாக்கச் சொன்னா. ரெண்டு சஹன் அனுப்பு."

சஹன் என்பது அகன்ற பெரிய தட்டம். எங்கள் விருந்துகளில் சோற்றைக் குவித்து, மேலே கறிகளை வைத்து, பாயில் வைப்போம். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டத்தில் சாப்பிடுவார்கள். ஒன்றாக வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பீங்கான் வைத்தால், என்ன இவர்களுக்குள் சண்டையா என்று கேட்பார்கள்.

"ஆறு பேருக்கு ஒரு சஹன் காணாதா?" என்றேன்.

"நாலு ஆம்பிளை, ரெண்டு பொம்பிளை."

"ஓ, ஓம் ஓம்."

எங்கள் இரண்டு பேருக்கும் அதில் எந்தப் பிழையும் தெரியவில்லை. உம்மாவுக்கும் தெரியவில்லை. நான் அலுமாரிக்கு மேலிருந்த இரண்டு சஹனையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, உம்மா செய்த வட்டிலப்பத்தையும் சேர்த்து ஓட்டோவில் ஏற்றி அனுப்பினேன். இப்படி ஒரு மரியாதையை அந்த விடுதி கண்டிருக்காது என்று நினைத்தேன். அது உண்மைதான்.

நடந்ததை மச்சாளே பிறகு சொன்னாள். ஆண்களுக்கு விறாந்தையில் ஒரு பாய், பெண்களுக்கு உள் அறையில் ஒரு பாய். அந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், தனித்தனியாக வந்து தனித்தனியாக அறை எடுத்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் தங்கினால் ஒரு கூட்டம் என்றுதான் அவள் நினைத்தாள். கிழவனாரும் கிழவியாரும் மட்டும்தான் சேர்ந்து வந்தவர்கள், அவர்களைத்தான் அவள் பிரித்து வைத்தாள். மனைவி உள்ளே போவதைக் கிழவனார் எட்டி எட்டிப் பார்த்தாராம். மற்ற மூன்று ஆண்களில் இரண்டு பேருக்குக் காலையிலேயே ஏதோ ஒரு குருவியின் பெயரில் தர்க்கம் வந்து பேச்சுவார்த்தை இல்லை. அவர்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, ஒரே கோழித் தொடையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்திருக்கிறாள்.

நெட்டை மனிதருக்கு முழங்கால் மடங்கவில்லை. தனக்குத் தனிப் பீங்கான் வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீடுகளில் வருத்தக்காரருக்குத்தான் தனிப் பீங்கான். மச்சாள் பதறிப்போய், "யூ சிக்?" என்று கேட்டாள். அவர் இல்லை என்றார். வெட்கத்தில் மறைக்கிறார் என்று நினைத்து, குசினிக்கு ஓடி, கொத்தமல்லி அவித்துச் சுடச்சுடக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த நேரம் அன்ரி வந்து இறங்கினார். வாசலில் நின்று இரண்டு பாயையும் பார்த்தார். "என்ன இது, கலியாண வீடோ?" என்று கத்தினாராம்.

திங்கட்கிழமை காலை மச்சாள் பையோடும், கழுவித் துடைத்த இரண்டு சஹனோடும் வீட்டுக்கு வந்தாள். இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல உம்மா கண்ணில் நீர் வர வர சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்ப வேலை?"

"சரிவரேல்ல மச்சி."

"சஹனாலயா?"

"ம்" என்று சொல்லிவிட்டு, சஹன்களை அலுமாரிக்கு மேல் வைக்க எழுந்து போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

உம்மா கொண்டச்சிக்குத் திரும்பிவிட்டார். எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. சஹனை அனுப்பியது நான். புளி போட்டுத் தேய்த்தது நான். அவளுடைய கூரை என் கையால் பறந்துபோனது. அதோடு, ஒரு கோழித் தொடைக்காகவும் ஒரு கோப்பைக் கொத்தமல்லித் தண்ணிக்காகவும் ஒருத்தியுடைய வேலையைப் பறிப்பதா என்று அன்ரி மேல் ஆத்திரம். புதன்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மச்சாளிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழி நெடுக என்ன பேசுவதென்று வசனம் வசனமாகத் தயார் செய்தேன்.

"வாங்கோ, இருங்கோ" என்றார் அன்ரி. நான் இருக்கவில்லை.

"அன்ரி, சஹன் அனுப்பினது நான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ. அவ எழுதின துண்டில ஒண்டாவது பிழைச்சதா? அவட வேலையைப் பறிச்சது சரியில்ல."

அன்ரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஆர் பறிச்சது?"

"நீங்கதானே?" என்றேன்.

"ஏசினனான்தான்" என்றார். "அது ஒரு பத்து நிமிஷம். பிறகு எனக்கே சிரிப்பு வந்திட்டுது. அந்த நெட்டையன் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன், அவனும் மல்லித்தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் போனவன். துண்டெல்லாம் திறமா எழுதியிருந்தா. உடனேயே வேலைக்குச் சேருங்கோ எண்டு அறைத் திறப்பைக் கையில குடுத்தனான். வாங்கி, போய் அறையைத் திறந்து பாத்தா. யன்னலையும் திறந்து பாத்தா. பிறகு திறப்பைக் கொண்டுவந்து மேசையில வைச்சிட்டு, வரேலாது அன்ரி எண்டா."

"ஏன்?"

"உங்களிட்ட சொல்ல வேண்டாமெண்டவ."

"சொல்லுங்கோ."

அன்ரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என்ட மச்சாள் தனிய இருக்க மாட்டா எண்டா. அவவுக்குப் பயம், ஆனா ஒருத்தருக்கும் சொல்லமாட்டா. அவட புருஷன், என்ட நானாவும் வெளிநாட்டில. நான் வந்திட்டா அவ நித்திரை கொள்ளமாட்டா. அப்பிடிச் சொன்னவ."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யாருக்குப் பயம்? நானா பயந்தவள்? நாலு வருடம் அவளுக்குச் சோறும் பாயும் கொடுத்து வைத்துப் பார்த்தவள் நான். ஆனால் நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அது உண்மை. கணவர் கத்தாருக்குப் போன பிறகு, மச்சாள் வரும்வரை, ஒன்றரை வருடம் நான் தனியாக இருந்தேன். பொழுதுபட்டால் மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பேன். தொலைக்காட்சியை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் கண்ணை முழித்துக்கொண்டு கிடப்பேன். காற்றுக் காலத்தில் ஓலை விழுந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். விடிய, சுபஹுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் கண் மூடும். இதை நான் உம்மாவுக்குச் சொன்னதில்லை, கணவருக்கும் சொன்னதில்லை. மச்சாள் வந்த பிறகு நன்றாகத் தூங்கினேன். அந்த மாதம்தான் புது மெத்தை வாங்கியிருந்தேன். தூக்கம் மெத்தையால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது? மேசைக் கால் இழுபட்ட கோடு இன்னும் சீமெந்தில் இருக்கிறது. வீட்டை நாள்தோறும் கூட்டுகிறவள் அவள். கூட்டுகிறவளுக்குத் தெரியாதா?

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இருபது வசனமும் வரிசையாக ஞாபகம் வந்தன. அவற்றை ஒரு முறைப்பாடு என்று நினைத்து நான் எவ்வளவு நொந்திருந்தேன். அவள் முறைப்பாடு செய்யவே இல்லை. வீடு என்னுடையது, கதிரை என்னுடையது, இருக்கிறதை எழுதினாள். என்னிடம் இல்லாதது என்ன என்று புத்தகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கிணற்றடியில் பலகை போட்டு உட்கார்ந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"நான் பயந்தாங்கொள்ளியாம்" என்றேன்.

கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்ரியிட்டயா போனனீ?"

"உனக்குக் கூரை வேணாமா? எனக்குப் பயம் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரி. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டியா? நான் சொன்னனானா, எனக்குப் பயம் எண்டு?"

"நீ ஒரு நாளும் சொல்லமாட்டாய்."

"பின்ன?"

"பின்ன என்ன? சொன்னாத்தானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மீனை எடுத்தாள். "கூரை எங்க போகப்போகுது மச்சி. சுவர் இருக்குத்தானே. நானா வந்த பிறகு பாப்பம்."

நான் அவள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். நின்றபடி சொன்னால் சண்டையாகிவிடும் என்று தெரிந்து, எதிரே குந்தி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபப்படாமல் சொன்னேன்.

"ஓம். எனக்குத் தனிய இருக்கப் பயம்தான். சரியான பயம். நான் உன்னை வச்சுப் பாக்கிறன் எண்டு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். நீதான் என்னை வச்சுப் பாத்தனீ."

"அப்ப நான் போகேல்ல."

"நீ போகத்தான் வேணும்."

"அப்ப நீ?"

"நான் பயந்துகொண்டு இருப்பன். பயத்தில ஆரும் செத்துப்போறதில்ல. உனக்குக் கூரை வேணும்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் மீன் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். சட்டையெல்லாம் செதிள். அதற்கு அவளை நன்றாக ஏசினேன், அவள் தோளை விடாமலே ஏசினேன்.

அன்றைக்கே அன்ரிக்குப் போன் பண்ணினோம், அவளுடைய இடத்துக்கு அவர் இன்னும் வேறு ஆள் எடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளை விடுதிக்குப் பஸ் ஏற்றப் போனேன். பை என் கையில் இருந்தது. வழியில் இரண்டு பேரும் மீன் விலையைப் பற்றியும், என் கணவர் அனுப்பப்போவதாகச் சொன்ன மிக்ஸியைப் பற்றியும் பேசினோம். பஸ் வந்ததும் பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். படியில் நின்று திரும்பி, "மேசையை இழுக்காத, சீமெந்து பேந்துபோகும். கதவுக் கொண்டியை மட்டும் போடு. போன் பண்ணு, நான் எடுப்பன்" என்றாள். நடத்துனர் அவசரப்படுத்தினார். கைகாட்டுவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

பஸ் மறையும்வரை நின்றுவிட்டு நடந்து வந்தேன். வழியில் பக்கத்து வீட்டுப் பெண், "மச்சாளை அனுப்பிப்போட்டு வாறியளோ? அவவுக்கு நல்லாத்தான் செய்தனீங்கள்" என்றாள். "அவதான் எனக்குச் செய்தவ" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த நான் நிற்கவும் இல்லை. வாசலுக்கு வந்து கதவைத் திறந்தேன். பயமாகத்தான் இருந்தது. உம்மா எனக்குத் தந்த என்னுடைய வீட்டுக்குள் நான் தனியாகப் போனேன்.